உடற்கொழுப்பை வீட்டிலேயே மலிவாக அளக்க முடியுமா?

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, அதிகச் செலவில்லாமல் உடற்கொழுப்பை அளக்க வழி கேட்டிருந்தீர்கள். அம்மாவின் தையல் பெட்டியில் கிடக்கும் அளவுநாடாவே போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, வெறும் தோலில் சுற்றுங்கள். சாரம் கட்டும் இடத்தில் அளக்காதீர்கள், தொப்பை உள்ளவர்களுக்கு அது கீழே இறங்கியிருக்கும். வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக விட்டதும் அளவைப் பாருங்கள். அது உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருந்தால் நல்லது. தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர்தான் எல்லை. எங்கள் ஆட்களுக்குக் கைகால் மெலிந்திருந்தாலும் வயிற்றில் கொழுப்புச் சேரும், அதுதான் நீரிழிவுக்கு வழிவிடுகிறது.

கொழுப்புச் சதவீதம் காட்டும் மின்தராசு வாங்கினால், காலையில் சாப்பிடுமுன் மட்டும் ஏறுங்கள். உடம்பின் நீரளவு மாறினால் அதன் கணக்கும் மாறிவிடும்.