ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றிய, ஆனால் மனத்துக்கு இதமான மிகுபுனைவு நாவல் ஒன்றைப் பரிந்துரைக்க முடியுமா?

அமெரிக்க எழுத்தாளர் டி. ஜே. க்ளூன் எழுதி 2020ஆம் ஆண்டில் வெளியான ‘தி ஹவுஸ் இன் த செருலியன் ஸீ’ என்ற ஆங்கில நாவலைத்தான் சொல்வேன். லைனஸ் பேக்கர் நாற்பது வயது அரசு ஊழியர். பூனையைத் தவிர வேறு துணையில்லாதவர். மந்திர ஆற்றலுள்ள சிறாருக்கான துறையில் 17 ஆண்டுகளாக ஆதரவற்றோர் இல்லங்களை ஆய்வு செய்து அறிக்கை எழுதி வருபவர். மார்சியாஸ் என்ற தீவிலுள்ள இல்லத்தை ஒரு மாதம் தங்கி ஆய்வு செய்யும்படி மேலிடம் அவரை அனுப்புகிறது. அங்கே ஆறு குழந்தைகள். சாத்தானின் மகன் என்று கோப்பு கூறும் லூசிக்கு வயது ஆறு. பச்சைக் கூழைப் போன்ற உடலுடைய சான்சி என்ற சிறுவனுக்கோ, தங்கும் விடுதியில் பெட்டி தூக்கும் பணியாளாக வேண்டும் என்பதே வாழ்நாள் கனவு.

லைனஸ் கொடியவர் அல்லர் என்பதே இந்நாவலின் பலம் என்று நினைக்கிறேன். அவர் குழந்தைகள்மீது உண்மையான அக்கறை கொண்டவர்; விதிமுறைப் புத்தகத்தை வரிக்குவரி அறிந்தவர். ஆனால், தம் அறிக்கையால் ஓர் இல்லம் மூடப்பட்டால் அங்கிருந்த குழந்தைகள் எங்கே போவார்கள் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கோப்பு என் மேசையை விட்டு நகர்ந்ததும் என் வேலை முடிந்தது என்று பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், தீவில் அந்தக் கேள்வி அவர்முன் எழும் இடத்தில் நான் புத்தகத்தைச் சற்றுநேரம் மூடிவைத்துவிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது சால் வரும் பகுதி. பயந்தால் சிறு நாய்க்குட்டியாக மாறிவிடும் இந்தப் பதினான்கு வயதுச் சிறுவன், முன்பிருந்த இல்லங்களில் பட்ட அனுபவத்தால், தன் எழுத்துமேசையைத் துணி அலமாரிக்குள் போட்டுக்கொண்டு அங்கிருந்தே கவிதை எழுதுகிறான். அதை ஜன்னலருகே நகர்த்தலாமே என்று தயங்கித் தயங்கிக் கேட்கும் லைனஸ், வேண்டாமென்று தோன்றினால் திரும்ப உள்ளேயே வைத்துவிடலாம் என்றும் சொல்கிறார். மந்திரம் எதுவுமின்றி ஒரு மேசை நகர்வதுதான் அங்கே நடக்கிறது. லைனஸுக்கும் இல்லப் பொறுப்பாளர் ஆர்தருக்கும் இடையே அரும்பும் காதலைவிட, அந்த மேசையே என் நினைவில் நிற்கிறது.

குறை இல்லாமல் இல்லை. தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள ஊர்க்காரர்களின் வெறுப்பு சற்று எளிதாகவே கரைந்துவிடுகிறது. மேலும், 1950களின் பிற்பகுதி தொடங்கி 1980கள் வரை கனடாவில் பூர்வகுடிக் குழந்தைகளை ஆயிரக்கணக்கில் குடும்பங்களிலிருந்து பிரித்து, பெரும்பாலும் வெள்ளையர் வீடுகளில் சேர்த்த கொடுமையைப் படித்தது இக்கதைக்கு ஒரு தூண்டுதல் என்று ஆசிரியரே கூறியிருக்கிறார். அத்தகைய வரலாற்றிலிருந்து இவ்வளவு இனிப்பான கதையை எடுக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது. 2024இல் ஆர்தரின் பார்வையில் இரண்டாம் பாகம் வெளிவந்துள்ளது. எனினும் முதல் நூல் தனியாகவே நிறைவான கதை.