எரிமலை இல்லாத இமயமலையில் கிரானைட் எப்படி வந்தது?

"இமயமலையில் எரிமலை வரிசையே இல்லை, அப்புறம் மனாஸ்லு போன்ற சிகரங்களில் கிரானைட் எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

கிரானைட்டுக்கு எரிமலை தேவையில்லை, ஆழத்தில் பாறை உருகினால் போதும். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவோடு மோதியது. பூமியின் மேலோடு மடிந்து தடித்தது. திபெத்துக்கு அடியில் இன்று ஏறக்குறைய 70 கிலோமீட்டர். பழைய களிமண் படிவுகள் அதற்குள் புதைந்து சூடேறின. அவற்றில் இருக்கும் வெள்ளை அப்பிரகத்தின் படிகத்துக்குள் நீர் பிணைந்திருக்கும். சூட்டில் அப்பிரகம் சிதையும்போது அந்த நீர் உருகுநிலையை இறக்கிவிடுகிறது. காசிமேட்டில் மீன் பெட்டி ஐஸ் மேல் உப்பைத் தூவிப் பாருங்கள், தொட்ட இடம் உடனே குழியும். அதே மாதிரிதான். சுமார் 700 முதல் 750 டிகிரியிலேயே பாறை உருகத் தொடங்கிவிடும்.

மேலோடே உருகியது என்பதற்கு ஆதாரம்? ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம். ரூபிடியம்-87 மெல்லச் சிதைந்து ஸ்ட்ரான்ஷியம்-87 ஆகிறது. பழைய மேலோட்டில் ரூபிடியம் அதிகம். அதனால் ஸ்ட்ரான்ஷியம்-87-க்கும் ஸ்ட்ரான்ஷியம்-86-க்குமான விகிதம் அங்கே ஏறிக்கொண்டே போகும். மேலோட்டுக்குக் கீழே இருக்கும் மேன்டில் அடுக்கில் அது 0.703 அளவில் நிற்கிறது. மனாஸ்லு கிரானைட்டில் 0.74-க்கு மேல்! இந்த ஓர் எண்ணே பாறையின் பிறந்த ஊரைச் சொல்லிவிடுகிறது.

எரிமலைகள் உள்ள தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரின் கதை வேறு. அங்கே கடல்தட்டு புதைந்து, அதன் நீர் மேன்டிலை உருக்குகிறது.

தண்டையார்பேட்டையில் எங்கள் சமையல் மேடைக் கல்லை லென்ஸில் பார்த்தால் கண்ணாடித் துணுக்கு போல் குவார்ட்ஸ், பால் நிறத்தில் ஃபெல்ட்ஸ்பார், கறுப்பு அப்பிரகம் தெரியும். இமயத்துக் கல் இன்னும் வெளுப்பு. அதில் வெள்ளை அப்பிரகம் மின்னும், கறுப்பு ஊசிகளாக டூர்மலின் என்ற கனிமம் குத்தி நிற்கும்.