இரண்டு விசில், இரண்டு தீர்ப்பு: கோளாறு எங்கே?

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். குறுவட்டக் கூடைப்பந்துப் போட்டிகளில் நானும் இன்னொரு பள்ளி ஆசிரியரும் நடுவராக நிற்கிறோம். பல தடவை ஒரே நேரத்தில் விசில் அடித்து, ஆளுக்கொரு பக்கம் கை காட்டிவிடுகிறோம். பந்து இல்லாத பக்கம் பிள்ளைகள் முழங்கையால் இடித்துக்கொள்வது எங்கள் இருவர் கண்ணிலும் படுவதில்லை. மதுரையில் ஒருவர் 3,500 ரூபாய் கட்டினால் ஒரே நாள் வகுப்பில் ‘ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) நடுவர் சான்றிதழ்’ தருவதாகச் சொல்கிறார். சேர்ந்தால் இது சரியாகுமா?

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஆட்டம்.

நீங்கள் சொல்லும் இரண்டு குறையும் ஒரே நோய்தான். இருவரும் பந்தையே பார்ப்பதால் ஒரே இடத்துக்கு இரண்டு விசில் விழுகிறது. அதனாலேயே மற்ற இடத்தை யாரும் பார்ப்பதில்லை.

இடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் லீட் (முன்னால் நிற்பவர்), ஒருவர் டிரெயில் (பின்னால் வருபவர்). லீட் கூடைக்குப் பின்னால், எண்ட்லைனுக்கு (கூடைப் பக்கக் கடைசிக் கோடு) ஒரு மீட்டர் வெளியே நிற்பார். டிரெயில் பந்துக்குப் பின்னால், சற்று இடப்பக்கமாகத் தள்ளி வருவார். பத்து ஆட்டக்காரர்களும் உங்கள் இருவருக்கும் நடுவில் அடங்க வேண்டும். பக்கக் கோடுகளைப் பிரிக்க ஒரு சுலபமான வழி உண்டு: ஆடுகளத்தைப் பார்த்து நிற்கும்போது அவரவர் இடக்கைப் பக்கக் கோடு அவரவருடையது. எண்ட்லைன் லீடுக்கு, நடுக்கோடு டிரெயிலுக்கு.

பந்து கூடையை விட்டுத் தள்ளி டிரெயில் பக்கம் இருக்கும்போது லீட் பந்தை மறந்துவிட வேண்டும். கூடைக்கு அடியில் முதுகோடு முதுகாக இடம் பிடிக்கும் பிள்ளைகளின் இடுப்பையும் கையையும் பாருங்கள். நீங்கள் சொன்ன முழங்கை அங்கேதான் வீசப்படுகிறது. பந்து கூடையருகே லீட் பக்கம் வந்தால் இதே வேலை டிரெயிலுக்கு வரும். டிரெயில் செய்யும் பெரிய தப்பு, நடுக்கோட்டருகே இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவது. ஷாட் கிளம்பியதும் திரும்பி ஓடத் தொடங்குவது அதைவிட மோசம். அந்த நேரத்தில் இரண்டு எட்டு உள்ளே வர வேண்டும். கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்கு (ரீபவுண்ட்) முண்டும்போது பின்னாலிருந்து முதுகில் ஏறுவது அப்போதுதான் தெரியும்.

டிரெயில் பக்கமிருந்து ஒரு பையன் பந்தைத் தட்டிக்கொண்டு கூடைக்குப் பாய்கிறான். இரட்டை விசில் பெரும்பாலும் இங்கேதான். ஆட்டத்துக்கு முன்பே பேசி வையுங்கள்: அவனோடு கூடவே ஓடி வரும் தடுப்பாளர் டிரெயிலுடைய பொறுப்பு, கூடைக்கு அடியிலிருந்து குறுக்கே வந்து நிற்கும் இரண்டாவது ஆள் லீடுடைய பொறுப்பு.

அப்படியும் இருவரும் அடித்துவிட்டால்? ஃபவுலுக்கு மூடிய கையை உயர்த்துங்கள், அதோடு நிறுத்துங்கள். பிளாக் (தடுப்பவர் தப்பு) என்றோ சார்ஜ் (பாய்ந்தவர் தப்பு) என்றோ சைகை காட்டாதீர்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணி, கூட்டாளியின் கண்ணைப் பாருங்கள். யார் பொறுப்போ அவர் முன்னே வரட்டும். மற்றவர் கையை இறக்கட்டும். அவசரப்பட்டு இருவரும் சைகை காட்டியாகிவிட்டது என்றால், பயிற்சியாளர்களை விட்டு விலகி, பக்கத்தில் போய் இரண்டு வாக்கியம் பேசுங்கள். இருவருக்கும் ஒத்துப்போகவில்லையென்றால் உங்கள் இருவரில் தலைமை நடுவராக இருப்பவர் சொல்வதே முடிவு.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பந்து கோட்டுக்கு வெளியே போய், கடைசியில் யார் தொட்டது என்று இருவருக்கும் சந்தேகம், அல்லது இருவர் கருத்தும் வேறு. அப்போது தலைமை நடுவர் தீர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. விதி அதை ஜம்ப் பால் (பந்தைத் தூக்கிப் போட்டு இருவர் எகிறுவது) நிலைமை என்கிறது. ஆனால் பந்தைத் தூக்கிப் போடுவதில்லை. ஸ்கோர் எழுதும் மேசையில், அடுத்த முறை யாருக்கு என்று காட்டும் அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்த அணிக்கு த்ரோ-இன் (கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிவது). அந்த த்ரோ-இன் முடிந்ததும் அம்பைத் திருப்பி வைக்க வேண்டும். நம் பள்ளி மேசைகளில் அம்பே இருப்பதில்லை. அட்டையில் வெட்டி வையுங்கள், போதும். இது வெளியே போன பந்துக்குத்தான். ஃபவுலில் கருத்து வேறானால் அம்பைக் காட்டித் தப்பிக்க முடியாது. கூட்டாளி தெளிவாகப் பார்த்துத் திசை காட்டிவிட்டார், உங்களுக்கு லேசான ஐயம் மட்டும் என்றாலும் அம்புக்குப் போகாதீர்கள்.

ஒருவர் மேசைக்குப் போய் எண், ஃபவுல் வகை, அடுத்து ஃப்ரீ த்ரோவா த்ரோ-இன்னா என்று சொல்லும்போது மற்றவர் ஆட்டக்காரர்களை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. தள்ளுமுள்ளு தொடங்குவது அந்தப் பத்து நொடியில்தான்.

இதையெல்லாம் பேச நேரம் வேண்டும். ஆட்டத்துக்கு 20 நிமிடம் முன்பே நடுவர் ஆடுகளத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே முந்தின ஆட்டம் முடிந்த கையோடு யாரையாவது கூப்பிட்டு நிறுத்துகிறார்கள். காலையிலிருந்து சிமெண்ட் தரையில் வெயிலில் ஐந்து ஆட்டம் ஓடியவரையே ஆறாவதுக்கும் ஓடச் சொன்னால் டிரெயில் நடுக்கோட்டில்தான் நிற்பார். எல்லைக் கோடுகளுக்கு வெளியே 2 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். நாமோ எண்ட்லைன் வரை கூட்டத்தை உட்கார வைக்கிறோம். லீட் எங்கே நிற்பது? நடத்துகிறவர்களிடம் கயிறு கட்டச் சொல்லுங்கள். கட்டும்வரை ஆட்டத்தைத் தொடங்காதீர்கள்.

இனி அந்த 3,500 ரூபாய். ஃபீபா நடுவர் உரிமத்தைத் தனி ஆள் தர முடியாது. நாட்டின் கூட்டமைப்பு பெயரை அனுப்ப வேண்டும். விதித் தேர்விலும் உடற்தகுதித் தேர்விலும் தேற வேண்டும். ஒரு நாள் வகுப்பில் கிடைப்பது ஃபீபா சின்னத்தை ஒட்டி அச்சடித்த காகிதம்தான். கூடவே விற்கும் ‘நோட்ஸ்’ ஃபீபா தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் விதிப் புத்தகமும் இருவர் நடுவர் முறைக் கையேடும். அதை ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டு ஆசிரியர்கள் தலையில் கட்டுகிறார்கள். தனியார் போட்டிகளில் ஆட்டம் பிடித்துத் தருகிறேன் என்று நடுவர் கட்டணத்தில் பங்கு கேட்பவரும் இவர்களில் உண்டு. அவர்களிடமும் சிக்காதீர்கள்.

நடுவர் தேர்வு எப்போது என்று மாவட்டக் கூடைப்பந்துச் சங்கத்தில் நேரில் கேளுங்கள். கட்டணம் உண்டென்றால் சங்கத்தின் பெயரில் ரசீது வாங்குங்கள். ஜிபே எண் தனி ஆளின் பெயரில் இருந்தால் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.