எந்தக் கையில் தடி? – பிசியோதெரபி மாணவர் கேள்வி–பதில்

கேள்வி: மேடம், வலது இடுப்பு வலித்தால் தடியை இடது கையில் பிடிக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். ஒரு பெரியவரிடம் அப்படியே சொன்னேன். "வலிக்கிற பக்கம்தானேம்மா முட்டுக் கொடுக்கணும்?" என்று திருப்பிக் கேட்டார். பதில் வரவில்லை. ஏன் எதிர்க்கை?
– இரண்டாம் ஆண்டு மாணவி

பதில்: தேர்வில்கூட இவ்வளவு நேராகக் கேட்க மாட்டார்கள். ஒரு தாளில் இடுப்பெலும்பை முன்புறமிருந்து வரையுங்கள். வரையாமல் இந்தக் கணக்கு புரியாது.

பெரியவரின் எடை 60 கிலோ என்று வையுங்கள். வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்குகிறார். ஊன்றிய காலின் எடை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அது போக மீதி 50 கிலோ வலது இடுப்பு மூட்டின் மேல். அந்த எடை மூட்டிலிருந்து சுமார் 10 செ.மீ. உட்பக்கம் தள்ளிக் கீழே இழுக்கிறது. இடுப்பெலும்பு இடப்பக்கம் சரியப் பார்க்கிறது. சரியவிடாமல் பிடிப்பது இடுப்பின் வெளிப்பக்கத் தசையான குளூட்டியஸ் மீடியஸும் அதன் கூட்டாளிகளும். அவை இழுப்பதோ மூட்டிலிருந்து வெறும் 5 செ.மீ. தொலைவில். தொலைவு பாதி, ஆகவே விசை இரட்டிப்பு: 100 கிலோ. மூட்டில் விழுவது 50 + 100, ஆக 150. (தேர்வில் நியூட்டனில் எழுதுங்கள். தசையின் சாய்வையும் இங்கே விட்டுவிட்டேன்.) மூட்டை அதிகம் அழுத்துவது உடல் எடை அல்ல, தசையின் இழுப்பு. இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள்.

இப்போது இடது கையால் தடியை 5 கிலோ அளவுக்கு அழுத்தட்டும். தரை அதே விசையோடு மேலே தள்ளும். அந்தக் கை வலது மூட்டிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கிறது. 5 × 40 = 200. எடை தரும் திருப்புத்திறன் (விசை × தொலைவு) 50 × 10 = 500. அதில் 200 கழிந்தால் தசைக்கு மிச்சம் 300. ஐந்தால் வகுத்தால் 60 கிலோ. மூட்டுச் சுமை 50 + 60 – 5 = 105. ஐந்து கிலோ அழுத்தியதற்கு 45 கிலோ குறைகிறது!

வலது கையில் பிடித்தால், தடியின் மேல்நோக்கிய தள்ளல் எடை சரிக்கும் திசையிலேயே இடுப்பைத் திருப்பும். தசைக்கு உதவி இல்லை. "ஆனால் சுகமாக இருக்கிறதே" என்பார். உடம்பையே வலப்பக்கம் சாய்த்து நடப்பதால் வரும் சுகம் அது. பையை மட்டும் வலிக்கும் பக்கத்துக் கையிலேயே தூக்கச் சொல்லுங்கள். ஏன் என்பதை அதே படத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஜெர்மானிய மருத்துவர் பிரீட்ரிக் பாவெல்ஸ் 1935இலேயே தொடையெலும்புக் கழுத்து முறிவை இயந்திரவியல் சிக்கலாக அணுகியவர். பிற்காலத்தில் உணரிகள் பொருத்திய செயற்கை மூட்டுகளில் அளந்தபோதும், சாதாரண நடையில் மூட்டுச் சுமை உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கை ஒட்டியே வந்தது.

கேள்வி: முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசை முழங்கைக்கு இவ்வளவு பக்கத்தில் ஒட்டியிருப்பது வடிவமைப்புப் பிழைதானே?

பதில்: 4 செ.மீ.யில் இழுத்து 32 செ.மீ.யில் தூக்கினால் எட்டு மடங்கு விசை வேண்டும், உண்மை. ஆனால் தசை 1 செ.மீ. சுருங்கினால் கை 8 செ.மீ. நகர்கிறதே! தசையால் அதிகம் சுருங்க முடியாது. பலத்தைக் கொடுத்து வீச்சையும் வேகத்தையும் வாங்கியிருக்கிறது. தூக்கும் எடையைவிடத் தசையின் விசை பெரிது என்பதை 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அறிஞர் பொரெல்லி கணக்கிட்டுக் காட்டிவிட்டார்.

கேள்வி: மணிக்கட்டை உள்பக்கம் மடக்கினால் பிடி ஏன் தளர்கிறது?

பதில்: விரல் மடக்கும் தசைகள் மணிக்கட்டையும் தாண்டிப் போகின்றன. மணிக்கட்டு மடங்கும்போதே அவை பாதி சுருங்கிவிடுகின்றன. குறுகிய நிலையில் தசையால் நன்றாக இழுக்க முடியாது. புறங்கைப் பக்கத்துத் தசைநாண்களும் விறைத்துக்கொண்டு விரல்களை மூடவிடாமல் இழுக்கும். ஆகவே பிடியின் பலத்தை அளக்கும்போது மணிக்கட்டு எந்தக் கோணத்தில் இருந்தது என்றும் குறித்து வையுங்கள். மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளை இயக்கும் ரேடியல் நரம்பு பாதித்து மணிக்கட்டு தொங்கிப்போனவரின் பிடி தளர்ந்திருந்தால், மடக்கும் தசைக்கு உடனே பயிற்சி கொடுக்கக் கிளம்பாதீர்கள். மணிக்கட்டைச் சற்று நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மறுபடி அளந்து பாருங்கள்.