வாசகர் கேள்வி பதில்: ஊசி பிடிக்கக் கற்பது எப்படி?

கேள்வி: எனக்கு வயது நாற்பது. கணக்கு எழுதும் வேலையை விட்டுவிட்டு அக்குபஞ்சர் கற்றுக்கொண்டு தொழிலாகச் செய்ய ஆசை. மூன்று மாதப் பயிற்சி போதும் என்கிறார்கள். போதுமா?

பதில்: போதாது. நாற்பது வயது ஒரு தடையே இல்லை, இடிப்பது அந்த மூன்று மாதம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஊசி போடும் இடங்களாக 361 புள்ளிகள் இருக்கின்றன, அவற்றை மனப்பாடம் செய்ய மூன்று மாதம் தாராளம். ஆனால் படத்தில் வரைந்திருக்கும் உடம்போடு யாரும் உங்களிடம் வரப்போவதில்லை. முழங்காலுக்குக் கீழே மூன்று சுன் என்று ஒரு புள்ளிக்கு இடம் சொல்வார்கள். ஒரு சுன் என்பது கட்டைவிரலின் அகலம், அதுவும் படுத்திருப்பவரின் கட்டைவிரல், உங்களுடையது இல்லை. அவருடைய நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் மூன்று சுன். அப்படி அளந்தாலும் அது சுமாரான இடம்தான், அங்கிருந்து விரல் நுனியால் மெல்லத் தடவிக்கொண்டே போனால் ஓரிடத்தில் லேசாகப் பள்ளம் தட்டும், அழுத்தினால் அவர் முகம் சுளிப்பார், அங்கேதான் ஊசி.

நான் முதலில் பஞ்சு உருண்டையிலும் அடுக்கி வைத்த காகிதத்திலும் குத்திப் பழகினேன், அப்புறம் என் சொந்தக் காலில். நாங்கள் அதிகம் பயன்படுத்தும் ஊசியின் தடிமன் கால் மில்லிமீட்டர்தான், அவசரப்பட்டு அழுத்தினால் வில் மாதிரி வளைந்துகொள்ளும். சரியாக உள்ளே போன பிறகு லேசாகத் திருப்பினால் தசை அதைக் கவ்விப் பிடிப்பது விரலுக்குத் தெரியும். சீனர்கள் இதை 'தே சி' என்பார்கள், தூண்டிலை மீன் கவ்வுவது போல என்று பழைய நூலில் எழுதி வைத்திருக்கிறார்கள், எனக்கு அதைவிடச் சரியாகச் சொல்ல வரவில்லை. படுத்திருப்பவருக்கு அந்த இடம் கனத்த மாதிரி, மரத்துப்போன மாதிரி இருக்கும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, பக்கத்தில் நின்று உங்கள் கையைத் திருத்த ஓர் ஆசிரியர் வேண்டும், அதற்கு வருடக்கணக்காகும். யார் ஊசி போடலாம் என்ற சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு, வேலையை விடும் முன்பே அதை விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளருக்குச் சீனாவில் மயக்க மருந்தே இல்லாமல் வெறும் ஊசியால் அறுவை சிகிச்சை செய்தார்களாமே?

பதில்: அது தப்பாகவே பரவிவிட்ட கதை. 1971-ல் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங்கில் குடல்வால் அறுவை சிகிச்சை செய்துகொண்டார், அதற்கு வழக்கமான மரத்துப்போகும் மருந்தைத்தான் போட்டார்கள். பிறகு வயிறு உப்பி அவதிப்பட்டபோதுதான் அக்குபஞ்சர் செய்தார்கள். அவரே இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், இது வேலை செய்கிறதா, மனப்பிரமையா?

பதில்: ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 1162 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முறையான அக்குபஞ்சர் செய்துகொண்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்திக்கொண்டவர்களில் 44.2 சதவீதம். மருந்து, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களில் 27.4 சதவீதம்தான். முதல் எண்ணையும் மூன்றாவது எண்ணையும் மட்டும் எடுத்து விளம்பரத்தில் போடுகிறவர்கள் உண்டு, நடுவில் இருக்கும் எண்தான் எனக்குப் பல நாள் தூக்கத்தைக் கெடுத்தது. புள்ளி தவறினாலும் கிட்டத்தட்ட அதே பலன் என்றால், உடம்பில் சக்தி ஓடுவதாக நாங்கள் இத்தனை வருடம் படித்த பாதைகளுக்கும் அவற்றில் இருக்கும் புள்ளிகளுக்கும் என்ன அர்த்தம்? அதனால்தான் "உங்கள் சக்தி ஓட்டம் அடைபட்டிருக்கிறது" என்று நான் யாரிடமும் நிரூபணமான விஷயம் போலச் சொல்வதில்லை. வலி குறைய உதவலாம், மணிக்கட்டுப் புள்ளியில் போட்டால் குமட்டலுக்கும் உதவலாம், சில தடவை பார்ப்போம், குறையவில்லை என்றால் நிறுத்திவிடலாம் என்கிறேன். புற்றுநோயைத் தீர்ப்பேன் என்கிறவரிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

கேள்வி: ஊசி போடும்போது நீங்கள் அதிகம் பயப்படுவது எதற்கு?

பதில்: நுரையீரலுக்கு. கழுத்துக்கும் தோள்மூட்டுக்கும் நடுவில், கழுத்து வலிக்கு எல்லோரும் போடும் ஒரு புள்ளி இருக்கிறது, அதற்கு நேர் கீழே நுரையீரலின் உச்சி. ஒல்லியானவருக்கு நேராக ஆழமாக இறக்கினால் நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று கசியும். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. ஊசி போட்ட பிறகு நெஞ்சு குத்தினாலோ மூச்சு வாங்கினாலோ வீட்டுக்கு அனுப்பக்கூடாது, நேராக மருத்துவமனை.

தொழிலுக்கு வந்த புதிதில், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்தே ஊசி போட்டேன். மூன்றாவது ஊசியில் உதடு வெளுத்து, நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது, அப்படியே சாய்ந்துவிட்டார். ஊசிகளை எடுத்துப் படுக்கவைத்துக் காலை உயர்த்தியதும் இரண்டு நிமிடத்தில் கண் திறந்தார், எனக்குத்தான் அன்று முழுக்கக் கை நடுங்கியது. அப்புறம் முதல்முறை வருகிற யாருக்கும் உட்கார்ந்த நிலையில் நான் ஊசி போட்டதில்லை, சாப்பிட்டீர்களா என்று கேட்காமல் தொட்டதும் இல்லை.

கேள்வி: சீன மூலிகையும் சேர்த்துப் படிக்க வேண்டுமா? மூலிகையில் பக்கவிளைவு இல்லைதானே?

பதில்: யார் சொன்னது? 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரைகளில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் வேறொன்று கலந்துவிட்டது. இரண்டுக்கும் சீனத்தில் 'ஃபாங் ஜி' என்று ஒரே மாதிரிப் பெயர். மாறிப்போன செடியில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருந்தது, நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகம் கெட்டுப்போனது, சிலருக்குப் பிற்பாடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அதே மூலிகை மரபிலிருந்துதான் மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினினும் வந்தது, அதைக் கண்டுபிடித்த தூ யூயூவுக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய ஏட்டில் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைக் கவனித்து, சூடாக்கினால் மருந்து கெடும்போல என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுத்தவர் அவர். படிப்பதென்றால் அந்தக் கவனத்தோடு படியுங்கள். செடியின் தாவரவியல் பெயர் தெரியாமல் ஒரு பொட்டலத்தைக்கூட யாருக்கும் கொடுக்காதீர்கள், வருகிறவர் ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவராக இருந்தால் இன்னும் கூடுதலாக விசாரியுங்கள்.

கேள்வி: ஒரே ஊசியைக் கொதிக்கவைத்துத் திரும்பப் போடலாமா?

பதில்: கூடாது. கொதிநீரில் எல்லாக் கிருமியும் முழுக்கச் சாகும் என்று நம்ப முடியாது. உறையைக் கண்முன்னே கிழித்து எடுத்த ஊசி, ஒருவருக்கு ஒருமுறை, அப்புறம் குப்பைக்கான கெட்டி டப்பாவுக்குள்.