பொன்னுக்கு வீங்கிக்குப் பிறகு குழந்தை பிறக்குமா?

கேள்வி: எனக்கு வயது 29. குழந்தைக்காக ஒன்றரை ஆண்டாகக் காத்திருக்கிறோம். ஐந்து வாரங்களுக்கு முன் பொன்னுக்கு வீங்கி கண்டு, ஆறாம் நாள் கடும் காய்ச்சலோடு வலது விதையும் வீங்கிப் பின்னர் வடிந்தது. இப்போது எடுத்த பரிசோதனையில் விந்தணுக்கள் மில்லிலிட்டருக்கு 60 லட்சம் மட்டுமே உள்ளன. இரவுப் பணியால் தூக்கமும் குறைவு. இனிக் குழந்தையே பிறக்காது என்று உறவினர்கள் சொல்வது உண்மையா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: உண்மையன்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு குறிப்பிடும் கீழ் அளவு 1 கோடியே 60 லட்சம் என்பதால் உங்கள் எண்ணிக்கை குறைவுதான். ஆனால் பரிசோதனை செய்த காலம் சரியில்லை. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்களும், அது முதிர்ந்து வெளிவர மேலும் சில நாட்களும் ஆகின்றன. ஆகவே இப்போது நீங்கள் கொடுத்த விந்தணுக்கள், காய்ச்சல் அடித்தபோது உருவாகிக்கொண்டிருந்தவையே. உடலின் வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவான சூட்டில் வேலை செய்யும் விதைகளைக் கடுங்காய்ச்சல் நேரடியாகப் பாதிக்கிறது. ஃப்ளூ, கோவிட் போன்ற காய்ச்சல்களுக்குப் பிறகும் எண்ணிக்கை இப்படிக் குறைந்து, பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் மீள்கிறது.

பொன்னுக்கு வீங்கியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பருவமடைந்த ஆண்களுக்கு இந்த வைரஸ் விதைக்குள்ளேயே புகுந்து அழற்சியை உண்டாக்கலாம். விதையைச் சுற்றியுள்ள உறை விரிந்து கொடுக்காதது. வீக்கத்தின் அழுத்தம் உள்ளேயே நின்று, விந்தணு உருவாகும் நுண்குழாய்களை நசுக்குகிறது. அதனால் பாதிக்கப்பட்ட விதை பின்னாளில் ஓரளவு சுருங்கக்கூடும். ஆயினும் உங்களைப் போலப் பெரும்பாலோருக்கு ஒரு பக்கம்தான் வீங்குகிறது; மற்ற விதை நலமாக இருந்தால் அதுவே போதும். இரு பக்கமும் வீங்கியவர்களில்கூட முழு மலட்டுத்தன்மை அரிது.

தூக்கமின்மையும் நோயின் களைப்பும் கார்ட்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோனைக் கூட்டி, விதைகளைத் தூண்டும் மூளை ஹார்மோன்களைக் குறைக்கலாம். இரவுப் பணியைச் சில மாதம் மாற்றிக்கொள்ள முடிந்தால் நல்லது. ஆனால் உங்கள் பரிசோதனை முடிவுக்கு அதை முதல் காரணமாக நான் கருதவில்லை.

காய்ச்சல் விட்டு மூன்று மாதம் கழித்து, இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்தபின், மீண்டும் பரிசோதியுங்கள். அப்போதும் குறைவாக இருந்தால் சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரைப் பாருங்கள். இடையில் யார் சொன்னாலும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். வெளியிலிருந்து வரும் அந்த ஹார்மோன் விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. ஐந்து வாரத்துக்கு முன் வந்த நோய், அதற்கு முந்தைய பதினாறு, பதினேழு மாதக் காத்திருப்புக்குக் காரணமாக முடியாது. ஓராண்டு முயன்றும் கரு தரிக்காதபோது இருவரையும் பரிசோதிப்பதே முறை. ஆகவே அந்த மூன்று மாதம் முடியட்டும் என்று இராமல், உங்கள் மனைவிக்கான பரிசோதனைகளை இப்போதே தொடங்குங்கள்.