ஆளி விதை எண்ணெய், கருஞ்சீரக எண்ணெய் மாத்திரைகளால் உண்மையில் பயன் உண்டா?

கேள்வி: அம்மாவுக்கு அறுபது வயதைத் தாண்டிவிட்டது. சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் மாத்திரை போடுகிறார். ஆளி விதை எண்ணெய் கேப்ஸ்யூலும் கருஞ்சீரக எண்ணெயும் கொடுக்கலாமா?

வேலூரில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். இந்தக் கேள்வியோடு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்காதீர்கள் என்பதுதான். ஒன்று சாப்பாட்டில் இருக்கும் குறையை நிரப்புவது. மற்றது, கொஞ்சம் மருந்து போலவே வேலை செய்யக்கூடியது.

குறை என்றால் என்ன குறை? நம் வடார்க்காட்டுச் சமையல் மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெயை நம்பி நடப்பது. அதில் ஒலீயிக் அமிலம் என்ற கொழுப்பு தாராளமாக உண்டு, ஒமேகா-6 கொழுப்பு உண்டு, உடலுக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு மட்டும் அநேகமாகக் கிடையாது. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றிலும் இதே நிலைதான். காந்தி ரோட்டுப் பக்கம் வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களுக்காகக் கடுகு எண்ணெய் விற்கிறார்களே, அதில் ஓரளவு இருக்கிறது. ஆனால் அந்த நெடிக்கு நம் வீட்டில் யாரும் அடுப்படியில் நிற்கமாட்டார்கள். ஆளி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா-3. ஆகவே நம் ஊர்க்காரர்களுக்கு ஆளி விதை வேண்டாத பொருள் என்று சொல்ல மாட்டேன்.

கேப்ஸ்யூலாகத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. 1000 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒன்றில் அந்த அமிலம் ஏறக்குறைய அரை கிராம்தான் இருக்கும். பெரியவர்களில் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1.1 கிராம், ஆண்களுக்கு 1.6 கிராம் போதும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியிலேயே சுமார் 1.6 கிராம் கிடைத்துவிடும். அதோடு நார்ச்சத்தும் லிக்னான் என்ற தாவரப் பொருள்களும் வரும். எண்ணெயாக ஆட்டும்போது நார்ச்சத்து முழுவதும், லிக்னானில் பெரும்பகுதியும் புண்ணாக்கோடு போய்விடுகின்றன. கெட்ட கொழுப்பு சற்றுக் குறைந்ததாகத் தெரிந்த ஆய்வுகளும் பெரும்பாலும் விதையைக் கொடுத்துப் பார்த்தவையே. எண்ணெயில் அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் எள்ளுப்பொடி இடிப்பது போலத்தான் இதையும் செய்கிறோம். வெறும் வாணலியில் சிறு தீயில் போட்டால் கடுகு போலப் படபடவென்று வெடிக்கும். வெடிப்பு அடங்குவதற்குள் இறக்கிவிட வேண்டும், விட்டால் கசந்துபோகும். தனியாக வறுத்த உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், பூண்டு, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் இட்லிக்கு ஆயிற்று. முழு விதையாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். கூடவே தண்ணீர் நன்றாகக் குடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வயிறு கட்டிக்கொள்ளும்.

“மீன் எண்ணெய்க்கு இணையான சைவ மாத்திரை” என்று டப்பாவில் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். மீனில் இருக்கும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்புகளையும் இந்த அமிலத்திலிருந்து நம் உடல்தான் தயாரித்துக்கொள்ள வேண்டும். மிகச் சிறு பங்கே அப்படி மாறுகிறது. அசைவம் சாப்பிடுகிறவர் என்றால் வாரம் இரண்டு முறை மத்திக் குழம்பு வைத்துக் கொடுங்கள்.

கருஞ்சீரகத்துக்கு வருவோம். மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இதற்கு இருக்கும் மதிப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும். மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் இதில் நிவாரணம் உண்டு என்கிறது நபிமொழி. ஆய்வுக்கூடங்களும் இதை ஒதுக்கிவிடவில்லை. இதிலுள்ள தைமோகுயினோன் என்ற பொருளைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் ஓரளவு குறைந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள், சில வாரங்களோ மாதங்களோ நடந்தவை.

சர்க்கரையைக் குறைக்கும் என்பதால்தான் எச்சரிக்கையும் வேண்டும். அம்மா கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டால், இதுவும் சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் அதுதான் அறிகுறி. மருத்துவரிடம் சொல்லிவிட்டு, வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். எண்ணெயை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவது அதைவிட மோசம். அதைச் செய்துவிட்டுச் சர்க்கரை 300-ஐத் தாண்டிய ரிப்போர்ட்டோடு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இந்தப் பாட்டில்களின் பின்பக்கத்தில் “மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல” என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள், யார் படிக்கிறார்கள்?

ஈவ்னிங் பிரிம்ரோஸ் என்ற பூச்செடியின் விதை எண்ணெய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடைக்குப் போனால் அதையும் காட்டுவார்கள். கரப்பான் (எக்சிமா) என்ற தோல் நோய்க்கு அது மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக உதவவில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு 2013-இல் முடிவு சொல்லிவிட்டது. பிரிட்டனில் 2002-இலேயே அதன் மருந்து உரிமத்தை விலக்கிக்கொண்டார்கள். அந்தக் காசுக்குப் பழம் வாங்கலாம்.

அம்மா வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுக்கிறவர் என்றாலோ, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தாலோ, மருத்துவரைக் கேட்காமல் இரண்டு எண்ணெயும் வேண்டாம். மற்றபடி ஆளி விதையை எண்ணெயாகவே வாங்குவதென்றால் கருநிறப் பாட்டிலில் சிறிய அளவாக வாங்கி ஃபிரிட்ஜில் வையுங்கள்; தாளிக்கவோ பொரிக்கவோ கூடாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அலமாரியில் விட்டால் சீக்கிரமே காறிவிடும். பெயின்ட் போல வாடை வந்தால் காசைப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.